அடையாளம் இல்லாத வில்லன்

"வில்லனுக்கு மதமே கிடையாது அண்ணே" என்று டைரக்டர் முதல் வாக்கியத்திலேயே சொன்னார். நான் அதைக் கேட்கவே இல்லை. வில்லனுக்கு இடுப்பளவு என்ன, எத்தனை சட்டை வேண்டும், ரத்தம் படுகிற சட்டைக்கு நகல் வேண்டுமா என்றுதான் கேட்கப் போயிருந்தேன். கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தலையாட்டிவிட்டு இஞ்ச் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் சினிமாவில் காஸ்ட்யூமர். டிசைனர் எல்லாம் இல்லை. ஹீரோயினுக்கு உடை வேறு எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மற்ற எல்லாருக்கும் அளவெடுத்து, வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, ஷாட்டுக்கு முன்னால் ஓடிப்போய்க் காலரை நிமிர்த்திவிடுவது என் வேலை. யூனிட்டில் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. ஷட்டரைத் தூக்கினால் தெரு, அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்.

எங்கள் மதத்து ஆட்கள் இந்த ஊரில் கொஞ்சம் பேர்தான். சினிமாவில் மட்டும் ஏராளம். குண்டு வைப்பவன் எங்கள் ஆள், பெண்ணைக் கடத்துபவன் எங்கள் ஆள், கள்ள நோட்டு அடிப்பவனும் எங்கள் ஆள்தான். அபூர்வமாக ஒரு நல்லவன் வருவான். அவன் ஹீரோவின் நண்பனாக இருப்பான், இடைவேளைக்குள் செத்துப்போவான். எங்கள் ஆள் என்று எப்படித் தெரியும் என்றால், மணிக்கட்டில் கருப்பு மணிமாலை இருக்கும். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் சிறு வயதில் பெரியவர்கள் கட்டிவிடுவது அது. சினிமாக்காரர்களுக்கு எங்களைப் பற்றித் தெரிந்ததும் அந்த மாலை மட்டும்தான்.

போன வருடம் ஒரு படம் சக்கைப்போடு போட்டது. அதில் வில்லன் ஒவ்வொருவனையும் சுடும் முன்பு மணிமாலைக்கு முத்தம் கொடுப்பான். என் மகள் பத்தாவது படிக்கிறாள். வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி இவள் மணிக்கட்டைப் பிடித்து அந்த மாலைக்கு முத்தம் கொடுத்துவிட்டு, விரலை இவள் நெற்றியில் வைத்து டுமீல் என்றாளாம். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி அம்மாவின் சீப்பு டப்பாவில் போட்டாள். அப்புறம் கடைக்குள் வந்து நின்றாள்.

"அந்தப் படத்துக்கு நீதான் தைச்சியாப்பா?"

"இல்லம்மா. அது வேற ஆளு."

"நிஜமா?"

"நிஜமா."

நம்பினாள். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பினாள். பெற்ற பிள்ளை என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் கை படுகிற எந்தப் படத்திலும் வில்லன் மேல் நம் அடையாளம் ஒன்றுகூட இருக்காது, ஒரு நூல்கூட இருக்காது என்று வாக்குக் கொடுத்தேன். உள்ளேயிருந்து மனைவி, "ஆமா, இவர்தான் டைரக்டர்" என்றாள். மகள் "பாக்கலாம்ப்பா" என்றாள். ஆறுதல் சொல்வது போல அவள் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த படம்தான் இது. மதமே இல்லாத வில்லன்.

என் சந்தேகம் வில்லனின் பெயரில் ஆரம்பித்தது. அவனுக்குப் பெயரே இல்லை. எல்லாரும் ஐயா என்று கூப்பிடுவார்களாம். பெயர் வைக்காததற்குக் காரணம் என்ன, வைத்தால் தெரிந்துவிடும் என்பதா? கதைச் சுருக்கத்தை வாங்கி வரி விடாமல் படித்தேன். ஐயா விடியற்காலையில் எழுவார். தனியாக இருப்பார். புறாக்களுக்குத் தானியம் போடுவார். குடிக்க மாட்டார். கெட்டவன் ஏன் குடிக்க மாட்டேன் என்கிறான்? எங்கள் ஆட்கள் குடிக்கக்கூடாது. மற்றவர்களிலும் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் சினிமாவில் ஒரு வில்லன் கையில் கிளாஸ் இல்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது.

டைரக்டரிடம் போனேன். முப்பது வயது இருக்கும், பணிவான பிள்ளை. எழுந்து நின்றுதான் பேசுவார். அந்தப் பணிவும் எனக்கு உறுத்தியது.

"தம்பி, ஐயா கையில ஒரு கிளாஸ் குடுத்துடலாமே?"

"எதுக்குண்ணே? அவரு குடிக்காதவரு."

"ஏன் குடிக்கல?"

"நிதானமா இருப்பாரு. நிதானமான ஆளுதானே பயம்."

"சரி, அப்ப தாடியாவது வேணாம். மழுங்க வழிச்சிடலாம். துணிக்கும் அதான் எடுப்பா இருக்கும்."

தாடிக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. சரிண்ணே என்றார். தாடி போயிற்று.

அடுத்தது செட். ஐயாவின் அறையைப் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அளவு பார்க்கிற சாக்கில் போனேன். ஜன்னல் மேலே வளைந்திருந்தது. எங்கள் கூடத்து ஜன்னல் அப்படித்தான் வளையும். ஆயிரம் வீட்டு ஜன்னலும் அப்படி வளையும், தெரியாமல் இல்லை. இருந்தாலும் ஆர்ட் டைரக்டரிடம் கேட்டேன்.

"இது என்ன வளைவா இருக்கு?"

"வளைவா இருந்தா வெளிச்சம் அழகா விழும் மாஸ்டர்."

"சதுரமா இருந்தா விழாதா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கும் அவருக்கும் பழக்கம் அதிகம். அவர் பெண் கல்யாணத்துக்கு ராப்பகலாகத் தைத்துக் கொடுத்தவன் நான். தலையைச் சொறிந்துகொண்டு மேல் பலகையைக் கழற்றச் சொன்னார். தரையில் விரித்திருந்த நீளக் கம்பளத்தையும் சுருட்ட வைத்தேன். பக்கத்தில் நின்ற மேக்கப்மேன், "மாஸ்டர், வில்லனுக்கு ரெண்டு கண்ணு இருக்கே, அது எந்த மதம்?" என்றான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, மேஜைமேல் இருந்த ஊதுவத்திக் கட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வேறு யாருடைய அடையாளமும் அவன் மேல் ஏறக்கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன். கெட்டவன் கழுத்தில் எது தொங்கினாலும் அதைக் கும்பிடுகிற வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. மோதிரம், கயிறு, செயின், பொட்டு எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிற பேன்ட், சாதா பட்டன். அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருந்தான் வில்லன். எனக்குப் பரம திருப்தி.

வில்லனாக நடித்தவரை யூனிட்டில் சாது என்பார்கள். நாடகத்திலிருந்து வந்தவர். திரையில் எத்தனையோ பேரைக் கழுத்தை நெரித்திருக்கிறார், வெளியில் ஓர் எறும்பைக்கூடத் தாண்டித்தான் போவார். முதல் ட்ரயலுக்குக் கடைக்கு வந்தவர் கண்ணாடி முன் நின்று தன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்டர், என்கிட்ட இருந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்க. தாடி போச்சு, மோதிரம் போச்சு, குடிக்கிற கிளாஸும் கிடையாது. கொல்லப் போறவன் கையை எங்க வெச்சுக்கறது?"

"பாக்கெட் வெச்சிருக்கேனே சார்."

"பாக்கெட்ல கைய விட்டா ஹீரோ ஆயிடுவேன்."

சிரித்தோம். அவர் கண்ணாடியில் தன் வெறும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவு எடுத்து முடித்த பிறகும் போகவில்லை. இங்கே கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார். உட்காருங்கள் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஷூட்டிங் இல்லாத நாளெல்லாம் வந்தார். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் வெட்டுவதையும் தைப்பதையும் பார்ப்பார். மனைவி டீ கொடுப்பாள், வாங்கிக் குடிப்பார். பேச்சு அதிகம் கிடையாது. நடிகனுக்கு ஒரு தையல் கடையில் என்ன வேலை? டைரக்டர்தான் இவரை என்னிடம் அனுப்பியிருக்கிறார், எங்கள் சங்கதிகளைக் கறந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் சாது கேட்டும்விட்டார்.

"மாஸ்டர், நீங்க எந்தக் கூடத்துக்குப் போறீங்க?"

"எல்லாம் ஒரே கடவுள்தான் சார்" என்று பேச்சை வெட்டினேன்.

அன்றிலிருந்து அவர் இருக்கும்போது வாயைப் பூட்டிக்கொண்டேன். மனைவியையும் எச்சரித்தேன். வீட்டுக்குள் யாரும் பிரார்த்தனை வரிகளைச் சத்தமாகச் சொல்லக்கூடாது, மாலைகள் எல்லாம் உள்ளே இருக்கட்டும் என்றேன். "அந்த மனுஷன் டீ குடிக்க வர்றாரு. உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மனைவி. இருக்கட்டும். வாக்குக் கொடுத்தவன் நான்.

ஷூட்டிங்கில் வில்லன் வருகிற ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா பக்கத்தில் நின்றேன். யாராவது கடைசி நிமிஷத்தில் எதையாவது அவர் கையில் கட்டிவிடுவார்களோ என்று ஒரு கண். மற்றபடி காஸ்ட்யூமர் பார்ப்பது மனுஷனை அல்ல, சட்டையை. முந்தைய ஷாட்டில் மேல் பட்டன் திறந்திருந்ததா, மடித்த கை எந்த அளவில் இருந்தது, காலரில் வியர்வை எவ்வளவு, இதுதான் எனக்குத் தெரியும். சாது கொலை செய்கிற காட்சியில் கையைத் தூக்கினார். அக்குள் பக்கம் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நல்ல தையல் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். ஷாட் முடிந்ததும் டைரக்டர் ஓடிவந்து சாதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். யூனிட்டே கைதட்டியது. நானும் தட்டினேன்.

படம் முடிந்து, யூனிட் ஆட்களுக்கும் குடும்பத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுக் காட்டினார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். தாடியை எடுத்தது, ஜன்னலைச் சதுரமாக்கியது, ஊதுவத்தியைச் சுட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நன்றாகச் சிரித்தாள். மாலையைக் கழற்றிப் போட்ட நாளுக்குப் பிறகு என்னோடு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தியேட்டருக்குள் நுழையும்போது என் கையைக் கோத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐயா திரையில் வந்தார். சாம்பல் சட்டை. வெறும் மணிக்கட்டு. நான் மகளைப் பார்த்தேன், அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு முதல் கொலை வந்தது. ஒருவனை நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஐயா மேஜை முன் நிற்கிறார். மேஜை விரிப்பைப் புறங்கையால் மெதுவாக நீவிவிடுகிறார். இன்னொரு தடவை நீவுகிறார். உதடு சத்தமில்லாமல் அசைகிறது. வலது கை விரல் நுனிகள் மேலே போய் வலது இமையைத் தொடுகின்றன, அப்புறம் இடது இமை. மூக்கால் ஒரு மூச்சு விடுகிறார். அப்புறம் கத்தியை எடுக்கிறார்.

தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. என் கைக்குள் இருந்த மகளின் கை மெல்ல வெளியே போனது.

"அப்பா."

"என்னம்மா?"

"அது நீ."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் சுட்டது. எங்கள் ஆட்கள் எந்த வேலையைத் தொடங்கினாலும் உதட்டுக்குள் ஒரு வரி சொல்லி இமைகளைத் தொடுவோம். இந்த வேலையில் யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். சமைக்கும்போதும் செய்வோம், வண்டி எடுக்கும்போதும் செய்வோம். செய்கிறோம் என்கிற நினைப்பே இருக்காது, அவ்வளவு பழக்கம். நான் துணியில் கத்தரி வைக்கும் முன் செய்கிறேன். ஒரு நாளில் எத்தனை துணி வெட்டுகிறேனோ அத்தனை தடவை செய்கிறேன். புறங்கையால் துணியை நீவுவது மட்டும் என் சொந்தப் பழக்கம். சாது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். வாயைப் பூட்டியவன் கையைப் பூட்டவில்லை.

படம் முழுக்க ஒவ்வொரு கொலைக்கு முன்பும் ஐயா அதைச் செய்தார். கேமரா விரல்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த நேரத்தில் பின்னணி இசையை நிறுத்தியிருந்தார்கள். நான் எத்தனையோ ஷாட்டில் பக்கத்திலேயே நின்று அக்குள் சுருக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மகள் அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. ஐயா சாகும்போது எல்லாரும் கைதட்டினார்கள்.

வெளியே சாது என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டுபிடிச்சீங்களா மாஸ்டர்? யாருகிட்டயும் சொல்லல, உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்."

"ஏன் சார் அப்படிப் பண்ணீங்க?"

சிரிப்பு நின்றது. "ஏன், பிடிக்கலையா? கையில ஒண்ணுமில்லாம தவிச்சிட்டிருந்தேன். உங்க கடையில உக்காந்தப்ப கிடைச்சுது. அவ்வளவு நிதானமா ஒரு மனுஷன் வேலையை ஆரம்பிச்சு நான் பார்த்ததே இல்ல."

"அது எங்க பிரார்த்தனை சார்."

அவர் என்னைப் பார்த்தார், தள்ளி நின்ற மகளைப் பார்த்தார். "நான் துணிக்குக் கணக்குப் போடறீங்கன்னு நெனச்சேன். சத்தியமா மாஸ்டர்." கண் கலங்கியது. நல்ல நடிகர் அவர். கேமரா முன் நினைத்த மாத்திரத்தில் அழக்கூடியவர். எந்தக் கூடத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டவரும் அவர்தான். நம்பலாமா கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மகள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

மறுநாள் டைரக்டரின் ஆபீசுக்குப் போனேன். போகும் முன் வெகு நேரம் யோசித்தேன். தியேட்டரில் இருந்த யாருக்கும் அது என்ன என்று தெரியவில்லை. நான் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் படம் அப்படியே வெளியே போகும். இப்படியும் உதை, அப்படியும் உதை. கடைசியில் அந்தப் பணிவை நம்பிச் சொல்லிவிட்டேன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடி சொன்னேன். அவர் ரொம்பக் கவனமாகக் கேட்டார். தேவைக்கு மேலேயே கவனமாகக் கேட்டார்.

"அப்படியாண்ணே? இது பிரார்த்தனையா?"

"ஆமா தம்பி. அதை மட்டும் வெட்டிடுங்க."

"அந்த வரிக்கு என்ன அர்த்தம்?"

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது. அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.

"யாருக்கும் தீங்கு வரக்கூடாதுன்னு சொல்லிட்டுக் கொல்றாரு." எனக்குச் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம், "ஒரு தடவை செஞ்சு காட்டுங்கண்ணே" என்றார்.

"வேணாம் தம்பி."

"சரி, சரி. நீங்க கவலைப்படாதீங்க. உங்க ஆளுங்களைத் தவிர யாருக்கும் இது தெரியப்போறதில்ல. இருந்தாலும் நான் பாக்கறேன்."

பார்த்தார். அடுத்த வாரம் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் ஆளுயர போஸ்டர் ஒட்டினார்கள். சாம்பல் சட்டை, மூடிய கண்கள், இமைமேல் விரல்கள். கீழே பெரிய எழுத்தில், 'யாருக்கும் தீங்கு வராது'. நான் போய்ச் சொல்லாமல் இருந்தால் அந்த வரி அங்கே வந்திருக்காது. அன்றைக்கு எனக்கு டைரக்டரைவிட என்மேல்தான் கோபம் அதிகம். போன் செய்தேன், எடுக்கவில்லை. சாது ஒரு தடவை கடை வாசல் வரை வந்தார். நான் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

படம் ஓடியது. ஓடு ஓடென்று ஓடியது. பத்திரிகையில் ஒருவர், மத அடையாளம் எதுவும் இல்லாத வில்லன் என்று டைரக்டரைப் பாராட்டி எழுதினார். எங்கள் கூடத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிரார்த்தனை முடிந்து வெளியே வரும்போது யாராவது என் கைகளைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

தெருவில் இளவட்டங்கள் சும்மாவேனும் புறங்கையால் மோட்டார் பைக் சீட்டை நீவி, இமையைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தார்கள். பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன் செய்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைக் கையில் வாங்கியதும் வகுப்பே செய்ததாம், வாத்தியார்கூடச் சிரித்துவிட்டாராம். மகள் இதைச் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. படம் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் கடைப் பக்கம் வரவே இல்லை. என்மேல் கோபமா, வெறுப்பா என்று தெரியாமல் நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். கோபம் என்றால் திட்டித் தீர்த்துவிடேன், தாயே என்று கேட்கலாம் போலிருந்தது.

நேற்று சாயங்காலம் வந்தாள். யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. நான் புதுத் துணி ஒன்றை மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு முடித்திருந்தேன். அவள் வந்து சாது உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கத்தரியை எடுத்தேன். கை தானாக மேலே போனது. அவள் பார்க்கிறாள் என்பது உறைத்ததும் பாதியில் நிறுத்தினேன். நிறுத்திய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா நிறுத்திட்ட?" என்றாள்.

"இல்லம்மா... நீ அன்னைக்கு..."

"உம்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப ஏன் இந்தப் பக்கமே வரல?"

அவள் தெருவைப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் அவள் வகுப்புப் பெண்கள் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி போஸ்டர் முன் நின்று இமையில் விரல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"அவங்க யாருக்கும் இன்னும் தெரியாதுப்பா. ஸ்டைல்னு நெனச்சுப் பண்றாங்க. நான் இங்க இருந்தா அவங்களும் வருவாங்க. உன்னைப் பாத்தா நம்ம பிரார்த்தனைன்னு தெரிஞ்சிடும்."

நான் கத்தரியை மேஜையில் வைத்தேன். "அப்ப விட்டுடறேன்மா. அது இல்லாம வெட்டினா துணி கெட்டா போயிடும்."

"விட வேணாம்ப்பா." அவள் ஷட்டரைப் பார்த்தாள். "நீ செய். எதுக்கு விடணும்? ஷட்டரை மட்டும் இறக்கிட்டு செய்."

அவளே எழுந்து போனாள். ஷட்டரைப் பிடித்து இழுத்தாள், பாதியில் மாட்டிக்கொண்டது, எட்டித் தொங்கி இடுப்பளவுக்குக் கொண்டுவந்தாள். கடை இருட்டியது. அவள் குனிந்து அந்த இடைவெளி வழியாக வெளியே பார்த்தாள்.

"சீக்கிரம்ப்பா" என்றாள்.

நான் துணியை நீவினேன். வரியை உதட்டுக்குள் சொன்னேன். இமைகளைத் தொட்டேன். என் மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.